ஐம்பத்திரண்டு வயதில் வீட்டுக் கடன்: ஆனையூரில் வீடு வாங்கி முடிப்பதற்குள்

ஐம்பது வயதுக்கு மேல் வீட்டுக் கடனுக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். வங்கி முதலில் பார்ப்பது சம்பளத்தை இல்லை, பிறந்த தேதியை. எனக்கு 52 வயது. மதுரையில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 48,000. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் நன்றாகவே இருக்கிறது, வேறு கடன் ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும், "உங்களுக்கு 60 வயசு வரைக்கும்தான் மேடம், எட்டு வருஷம் போடலாம்" என்று லோன் ஆபீசர் சொன்ன அந்த ஒரு வரிதான் நாங்கள் எந்த ஏரியாவில், எந்த மாதிரி வீடு வாங்குவது என்பதையே முடிவு செய்தது.

கணக்கைப் பாருங்கள். சம்பளத்தில் பாதிக்கு மேல் ஈ.எம்.ஐ. போகக்கூடாது என்று அந்த வங்கியில் வைத்திருந்தார்கள். அப்படியென்றால் மாதம் 24,000. வட்டி 8.5 சதவீதம் என்றால், இருபது வருடக் கடனுக்கு லட்சத்துக்கு 868 ரூபாய் தவணை. அதே லட்சத்தை எட்டு வருடத்தில் அடைக்க 1,439 ரூபாய் கட்ட வேண்டும். ஆக எனக்குக் கிடைப்பது பதினாறரை லட்சம். ஆபீசில் என் பக்கத்து சீட்டுத் தம்பிக்கு 32 வயது, சம்பளம் கிட்டத்தட்ட என் சம்பளம்தான். அவர் கேட்டால் இருபத்தேழரை லட்சம் கிடைக்கும். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த 90 சதவீதம் பேப்பரில்தான். மீதிப் பணத்துக்கு வழி வைத்துக்கொண்டுதான் வீடு பார்க்கவே கிளம்ப வேண்டும்.

என் கணவர் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். சுயதொழில் என்றால் 65 வயது வரைக்கும், சில இடங்களில் 70 வரைக்கும்கூட தவணை கொடுக்கிறார்கள். ஆனால் பட்டறை வருமானம் பெரும்பாலும் ரொக்கமாக வருவது. வருமான வரிக் கணக்கில் காட்டிய தொகையைத்தான் எடுப்போம், அதுவும் மூன்று வருடக் கணக்கு வேண்டும் என்றார்கள். எங்களிடம் இருந்தது இரண்டு வருடத்துக்கு. இன்னொரு நிதி நிறுவனம் அதையே ஏற்றுக்கொள்கிறேன் என்றது, வட்டி 11 சதவீதத்துக்கு மேல். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டோம். பட்டறை, கடை வைத்திருக்கிறவர்கள் வீடு வாங்கும் எண்ணம் வந்த அன்றே ஆடிட்டரைப் பாருங்கள்.

அப்புறம் மகன் விஷயம். "தம்பியைச் சேத்துக்கங்க மேடம், இருபது வருஷம் ஆயிரும், இருபத்தஞ்சு லட்சமே தரலாம்" என்று ஆபீசர் விடாமல் சொன்னார். மகனுக்கு 26 வயது, கோயம்புத்தூரில் வேலை. அவன் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தான். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இணைக் கடன்தாரராகச் சேர்ந்தால் முழுக் கடனும் அவன் சிபிலில் ஏறும். நாளைக்கு அவன் தனக்கென்று வீட்டுக் கடன் கேட்கும்போது எங்கள் ஈ.எம்.ஐ.யை அவன் சம்பளத்தில் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள். என் நாத்தனார் மகனுக்கு இதுதான் நடந்தது. அப்பாவுக்காகக் கையெழுத்துப் போட்டவன், கல்யாணமாகி சென்னையில் ஃப்ளாட் பார்த்தபோது கேட்ட தொகையில் பாதிதான் கிடைத்தது. அப்பா வீட்டுப் பத்திரத்தில் அவன் பெயரும் கிடையாது. பிள்ளைகளைச் சேர்ப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் வங்கியில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நீங்களாகக் கேட்க வேண்டும்.

ஆக, பதினாறரை லட்சம் கடன், மற்றது கைப்பணம். முதலில் புது நத்தம் ரோட்டுப் பக்கம் ஆசைப்பட்டோம். 2023-இல் பறக்கும் பாலமும் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறந்த பிறகு அங்கே சொல்லும் விலைக்கு மனை மட்டும் வாங்கவே எங்கள் மொத்தப் பணமும் போய்விடும். ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு வீடு நல்ல விலைக்கு வந்தது. மனைக்கு அப்ரூவல் இல்லை. 2016-இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்ட பிறகு, 2017-இல் அவற்றை முறைப்படுத்த அரசு வரன்முறைத் திட்டம் கொண்டு வந்தது. அந்த ஆள் அதில் விண்ணப்பிக்கவே இல்லை. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குக்கா, போதும்" என்று புரோக்கர் அடித்துச் சொன்னார். வங்கிக்குப் போதாது. புரோக்கர் வார்த்தையை நம்பி டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

கீழ்த்தள ஃப்ளாட் ஒன்றும் பார்த்தோம். எனக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது, அதனால் எனக்குப் பிடித்திருந்தது. கட்டடத்துக்கு 22 வயது. மனைப் பங்கு அரை சென்ட்கூட வரவில்லை. மண்ணில்லாத வீடு வீடா என்று கணவர் ஒரேயடியாக மறுத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கட்டடத்தின் மதிப்பு வருடா வருடம் குறையும், மனையின் மதிப்புதான் நிற்கும்.

கடைசியில் அமைந்தது ஆனையூரில் இரண்டு சென்ட் மனையில் மேலும் கீழுமாக இரண்டு போர்ஷன் வீடு. விலை 33 லட்சம். மேலே வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது, 6,500 ரூபாய். எனக்கு 60 ஆனதும் சம்பளம் நிற்கும், அந்த வாடகை நிற்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதைவிட அழகான தனி வீடு இரண்டை விட்டோம். ஓய்வு பெற இன்னும் சில வருடம்தான் என்கிறவர்கள் வாடகை வரும் ஒரு போர்ஷனாவது உள்ள வீடாகப் பாருங்கள். கார் நிறுத்த இடம், பெரிய ஹால் எல்லாம் அதற்கு அப்புறம்.

விலை பேசி அட்வான்ஸ் கொடுத்து, செயலாக்கக் கட்டணம் கட்டி, ஃபைல் வங்கி வக்கீலிடம் போனது. அங்கே முட்டியது. வீடு விற்கிற பெரியவரின் அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து, அதனால் மகளுக்கும் சம பங்கு உண்டு. வாரிசுச் சான்றில் தங்கை பெயர் இருக்கிறது, அவர் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கவில்லை. "தங்கச்சி ஒன்னும் கேக்காதும்மா, அது நம்ம பிள்ள" என்றார் பெரியவர். அந்த அம்மா உண்மையிலேயே ஒன்றும் கேட்கவில்லை, சிவகாசியிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனால் அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் கிரயம் பண்ண மாட்டேன் என்று பெரியவர் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் வங்கியில் சம்பளச் சீட்டு பழசாகிவிட்டது, புதிதாக மூன்று மாதத்துக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள். முதலில் ஃபைலை வாங்கிய ஆபீசரும் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். கொடுத்த காகிதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு செட் நகல் நான் வைத்திருந்ததால் தப்பித்தேன்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தனியாக ஒரு வக்கீலிடம் மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பட்டா, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள் என்று என் தோழி ஒருத்தியிடம் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன். வில்லங்கச் சான்று மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது. பதிவான பத்திரம்தான் அதில் வரும், எழுதாமல் விட்ட பங்கு வராது.

அடுத்த இழுபறி பணத்தில். பத்திரத்தில் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை மட்டும் போட்டுக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்று பெரியவரின் மருமகன் கேட்டார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், உங்களுக்கும் மிச்சம்தானே என்றார். நான் கணக்கு வேலை பார்க்கிறவள். சொத்துக் கிரயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்வதை எடுத்துச் சொன்னேன். பத்திரத்தில் குறைத்துக் காட்டினால் வங்கி கொடுக்கும் கடனும் குறையும். முழு விலைக்கே பத்திரம் என்று உறுதியாக நின்றேன். 33 லட்சத்துக்கு 9 சதவீதம் 2,97,000 ரூபாய். இது கடனில் வராது, கையிலிருந்துதான் கட்ட வேண்டும். பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை 2025 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, ஆனால் 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான். என் பெயரில் பதிந்தும் எங்களுக்கு அது உதவவில்லை.

கைப்பணத்தில் ஆறு லட்சம் ஒத்தியில் இருந்தது. மாத வருமானம் குறைவு, மொத்தமாகக் கொஞ்சம் பணம் இருக்கிறது என்கிற குடும்பங்களுக்கு மதுரையில் ஒத்திதான் கைகொடுக்கும். பணத்தைக் கொடுத்து உட்கார்ந்தால் வாடகை இல்லை, காலி செய்யும்போது முழுசாகத் திரும்ப வரும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக் காலத்தை நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம். வருவது எப்போது என்பதில்தான் சிக்கல். "அடுத்த ஒத்திக்காரர் வந்து கொடுத்தாத்தான் உங்களுக்குத் தர முடியும்" என்றார் வீட்டு ஓனர். கிரயத் தேதி நெருங்குகிறது, வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் வசதி சரியில்லை என்று திரும்பிப் போகிறார்கள். எங்கள் ஒத்திப் பத்திரம் பதிவு செய்தது. இரண்டு மாத நோட்டீசில் பணம் திருப்பித் தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அதைக் காட்டிப் பேசியதும் நான்கு லட்சம் புரட்டிக் கொடுத்தார். மீதி இரண்டு லட்சத்துக்கு என் வளையலை அடகு வைத்தோம். ஒத்தி வீட்டுச் சாவி கடைசி ரூபாய் வரும்வரை எங்களிடம்தான் இருந்தது. வெறும் இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி ஒத்தி இருப்பவர்கள் இதை யோசித்துப் பாருங்கள்.

கைப்பணத்துக்காகக் கேட்டிருந்த பி.எஃப். முன்பணமும், ஆதாரில் என் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பி.எஃப். கணக்கில் முன்னால் என்பதற்காக ஒருமுறை திரும்பியது. திருத்தியதும் வந்துவிட்டது.

கடன் ஒப்புதல் கடிதம் வந்த அன்று இன்னொன்று. கடனுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம், ஒரே தவணையாக ஒரு லட்சத்துக்கு மேல், அதையும் கடனிலேயே சேர்த்துவிடலாம் என்றார்கள். இந்த வயதில் பிரீமியம் கூடுதலாகத்தான் வரும். வங்கி காட்டும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று விதி கிடையாது. "கட்டாயம் என்று கடிதத்தில் எழுதிக் கொடுங்கள் சார்" என்று கேட்டேன். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, "விருப்பம் இல்லேன்னா விட்டுறலாம் மேடம்" என்றார். நான் வெளியில் குறைந்த பிரீமியத்தில் டெர்ம் பாலிசி எடுத்துக்கொண்டேன். பாதுகாப்பு வேண்டாம் என்பதில்லை, எட்டு வருடம் அந்த ஒரு லட்சத்துக்கும் வட்டி கட்டுவானேன்?

கிரயத்தன்று பத்திர ஆபீசில் எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. பெரியவரின் ரேகை விழவில்லை. எழுபது தாண்டியவர், அச்சகத்தில் வேலை பார்த்துத் தேய்ந்த விரல்கள். கட்டைவிரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து வைக்கிறார், மெஷின் சிவப்பு விளக்கையே காட்டுகிறது. பின்னால் டோக்கன் வைத்திருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அவருக்குக் கை நடுங்கியது. "அவசரமில்லப்பா, மெதுவா வைங்க" என்று அவர் தங்கை பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இடது கை நடுவிரலில் ஒருவழியாகப் பச்சை எரிந்தது. வயதானவர்களிடம் வாங்குகிறவர்கள் காலை டோக்கனாகப் பாருங்கள்.

பட்டா என் பெயருக்கு மாறிவிட்டது. உட்பிரிவு செய்ய வேண்டியதில்லை என்பதால் தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. சொத்து வரிப் பெயர் மாற்றம் முடிந்தது, மின் இணைப்பு இன்னும் பெரியவர் பெயரில்தான், மனு கொடுத்திருக்கிறோம். வட்டி மாறும் வகைக் கடன் என்பதால் முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. கிராஜுவிட்டி வந்ததும் மிச்சத்தை அடைத்துவிடுவது என்று வைத்திருக்கிறேன். அசல் பத்திரங்கள் வங்கியில் இருக்கின்றன. கடனை முடித்த 30 நாளுக்குள் அவற்றைத் திருப்பித் தராவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் சொல்லியிருக்கிறது. மூலப்பத்திரம், விடுதலைப் பத்திரம் உட்பட எது எது கொடுத்தேன் என்று எண்ணோடு பட்டியல் எழுதி, கிளை முத்திரையுடன் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். அதைக் கேட்டதற்கும் அங்கே முகம் சுளித்தார்கள். கேட்டு வாங்குங்கள்.