ஆயித்தியமலைக்குக் கொண்டுபோன இரண்டு பவுண்

இது அம்மாவின் நேர்த்தி. அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்து ஆசுபத்திரியில் கிடந்தபோது, தன் இரண்டு பவுண் கழுத்துச் சங்கிலியை மட்டக்களப்பு ஆயித்தியமலை மாதாவுக்குக் கொடுப்பதாக நேர்ந்துவிட்டார். அப்பா எழும்பி வந்தார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் வயலும் செய்தார். சங்கிலிதான் போகவில்லை. அக்காவின் கலியாணம், அப்புறம் என் கடை, அப்புறம் 2022 நெருக்கடி என்று ஒவ்வொரு தடவையும் அது ஈட்டுக்குப் போய் வந்தது. கடைசியாக ஈடு வைத்தவன் நான். "மீட்டுக் குடுத்திரு மனே, அது நம்மட சாமான் இல்ல" என்றுதான் அம்மா கடைசியாக என்னிடம் தெளிவாகப் பேசினார்.

அதற்குப் பிறகும் இரண்டு செப்டம்பர்த் திருவிழா போய்விட்டது. பவுண் விலை ஏற ஏற எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. அம்மா நேர்ந்த நாளில் இருந்த விலையைக் காசாகப் போட்டால் போதாதா? பங்குச் சுவாமியிடம் கேட்டிருக்கலாம். போதாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். போதும் என்று சொல்லிவிட்டாலும் பயம்தான்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு முதல் கிழமை வட்டியைக் கட்டி மீட்டேன். ரோஸ் தாளில் மடித்து, சட்டைப்பைக்குள் வைத்து, பையின் வாயை ஊசியால் குத்திக்கொண்டு, விடியப்புறம் பாதயாத்திரைக்காரரோடு சேர்ந்தேன். செருப்பில்லாமல் நடப்பதாக நானே ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். அம்மா கேட்காதது அது. தாமதத்துக்கு வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வலையிறவுப் பாலம் வரை சுகம். வாவிக் காற்று, இருட்டோடு இருட்டாகச் செபமாலை, முன்னால் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கட்டிய ஒலிபெருக்கி. வவுணதீவு தாண்டி, வாவிக்கு மேற்குக் கரையான படுவான்கரைக்குள் இறங்கியதும் வெயில் தன் வேலையைத் தொடங்கியது. சிறுபோகம் வெட்டி முடிந்த வயல் வட்டைகள், வைக்கோல், யானை வேலி, தார் றோட்டு. ஒரு கட்டத்துக்கு மேல் மணல் ஓரமாகத்தான் கால் வைக்க முடிந்தது. ஓட்டோக்காரர் தொல்லை வேறு. பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்து, மிச்சத் தூரத்தைக் கூட்டிக் கூட்டிச் சொல்கிறார்கள். நாங்கள் நடக்க நடக்க ஆயித்தியமலை பின்னால் போய்க்கொண்டே இருந்தது!

பக்கத்தில் ஓர் ஆச்சி நடந்து வந்தார். தலையில் துவாய், கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன மனே, நெஞ்சத் தடவித் தடவி வாறாய்? நோவு இருக்கா? இருந்தா வண்டியில ஏறி இரு."

எனக்கு முகம் சுருங்கிப் போனது. செபமாலையில் பத்து மணிக்கு ஒரு தடவை இல்லை, உருட்டும் ஒவ்வொரு மணிக்கும் என் கை பையைத் தொட்டுப் பார்த்திருக்கிறது. வாய் 'அருள் நிறைந்த மரியே' சொல்கிறது. விரல் ஊசி இருக்கிறதா என்று பார்க்கிறது. செல்வம் இருக்கும் இடத்தில்தான் உள்ளமும் இருக்கும் என்று ஆண்டவர் சொன்னதை மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடமாக ஒப்புவித்துப் பரிசு வாங்கியவன் நான்.

ஆண்டவர் சொன்ன அந்தக் களஞ்சியக்காரனின் உவமையும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் அவனை எங்கள் ஊர்ப் பெரிய வயல்காரரான ஒரு போடியாராகத்தான் கற்பனை செய்வேன். நல்ல விளைச்சல், அவண அவணமாக நெல், பழைய நெல் பட்டறையை இடித்துப் பெரிதாகக் கட்ட யோசனை, அன்று இரவே மரணம். அவன் களவெடுக்கவில்லையே, தன் வயலில் விளைந்ததைத்தானே சேர்த்தான், அவனை ஏன் மூடன் என்கிறார் என்று எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை. வெயிலில் நடக்கும்போது ஒன்று பட்டது. அவன் பேசுவதெல்லாம் தன்னோடேதான். என் விளைச்சல், என் தானியம், என் களஞ்சியம். அவனாவது தன்னுடையதை வைத்திருந்தான். நான் வைத்திருந்தது மாதாவின் சாமானை.

கோயிலடியில் சனம் என்றால் சனம். மெழுகுதிரி விற்கிற பொடியன் ஒருவன், பெரிய திரிக்குப் பெரிய வரம் என்று கையில் திணிக்கிறான். வரிசையில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு போன் பிடிக்கிற கூட்டம் ஒரு பக்கம். ஒன்றரை மணித்தியாலம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். கொப்புளம் உடைந்து கால் ஈரமாகிவிட்டது.

எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலும் இதே சதாசகாய மாதாவின் படம் இருக்கிறது. பாலன் இரண்டு கையாலும் தாயின் கையைப் பிடித்திருப்பார். ஒரு கால் செருப்பு கழன்று தொங்கும். சிலுவையும் ஆணியும் ஏந்திய வானதூதரைக் கண்டு பயந்து ஓடிவந்த வேகம் என்பார் அம்மா. அந்தப் படத்தைக் கிரேத்தா தீவிலிருந்து ஒரு வியாபாரி திருடிக்கொண்டு ரோமுக்குப் போனான் என்பது மரபுக் கதை. சாகிற நேரத்தில் கோயிலுக்குக் கொடுத்துவிடு என்று கூட்டாளியிடம் சொல்கிறான். கூட்டாளியின் மனைவி ஆசைப்பட்டுத் தன் அறையிலேயே மாட்டி வைத்துக்கொள்கிறாள். 1499இல்தான் அது புனித மத்தேயு கோயிலுக்குப் போய்ச் சேர்ந்ததாம். அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது சங்கிலி அதே அலுமாரிக்குள் இருக்கும், இல்லாவிட்டால் ஈட்டுக் கடையில் இருக்கும்.

என் முறை வந்தது. வியர்வையில் ஊசி கழன்று வரவில்லை. பின்னால் நிற்பவர் முழங்கையால் இடிக்கிறார். ஒருவழியாகத் தாளைப் பிரித்தால், கொழுக்கி தளர்ந்திருந்த இடத்தில் அம்மா சுற்றிய கறுப்பு நூல் அப்படியே இருந்தது. இத்தனை தடவை நிறுத்தவர்களும் கழற்றவில்லை. மீட்டபோது நானும் கவனிக்கவில்லை. நூல் முனையில் அம்மா பல்லால் கடித்த மாதிரி பிசிர்.

கடைக்கு, கடனுக்கு, மகளின் சோதனைக்கு என்று மாதாவிடம் கேட்க ஒரு பட்டியலே வைத்திருந்தேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை. அப்பாவுக்குத் தந்த ஒன்பது வருஷம், ஒன்பது பெரும்போகம், அவர் கையால் அள்ளிய நெல், அவர் மடியில் என் மகள் இருந்தது என்று அதுதான் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. தாயே, தாயே என்று மட்டும் சொன்னேன். சங்கிலியை நூலோடேயே பெட்டிக்குள் விட்டேன். அழுதேனா என்று கேட்டால், அழுதேன். பின்னால் நின்றவர் அதற்குப் பிறகு இடிக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம். பார்த்தால் ஆச்சி முன் சீட்டில் இருக்கிறார். என் கை பழக்கத்தில் பைக்குப் போனதையும் கண்டுவிட்டார்.

"இப்ப நோவு எப்படி மனே?"

"இல்ல ஆச்சி."

"நல்லது" என்றவர், மிச்சக் காசு தராத கொண்டக்டரைத் திட்டத் தொடங்கினார். வலையிறவு வரை அது ஓயவில்லை.