தம்பிக்கு முதல் நாள் வேலை

சென்னை வியாசர்பாடியில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் கடை முன்னால் நிற்கிறேன், மெல்போர்னிலிருந்து தம்பி வீடியோ காலில் வந்தான். அங்கே ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை, இன்றுதான் ஆரம்பம்.

கையைக் காட்டினான். விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"கால்தான்க்கா வலிக்குது. மத்தபடி நல்லா இருக்கேன்."

ஊரும் சுற்றலாம், வேலையும் பார்க்கலாம் என்று ஆஸ்திரேலியா வருஷத்துக்கு 1000 இந்தியர்களுக்குக் குலுக்கலில் தரும் விசாவில் போயிருக்கிறான். ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதம்தான்.

என் தட்டில் இருந்த அத்தோவும் அப்படி வந்ததுதானே! பர்மாவுக்குப் பிழைக்கப் போய், 1960களில் எல்லாம் இழந்து திரும்பியவர்கள் கையோடு கொண்டுவந்த ருசி. இவன் என்ன கற்றுக்கொண்டு வருவானோ, ஆசையாக இருக்கிறது.

சம்பளச் சீட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கி வைடா என்றேன்.