டனலை வெட்டுவதற்கு முன்

நான்கு கியர் கொண்ட பழைய கார் ஒன்றில் ஐந்து கியர் உள்ள நீளமான கியர்பாக்ஸைப் பொருத்தும் வேலை முதன்முதலாக என் கைக்கு வந்தபோது, இருக்கைகளுக்கு நடுவே மேடாக ஓடும் அந்த டனலை வெறும் மூடி என்றே நினைத்திருந்தேன். அது கூரையில்லாத கார். கியர்பாக்ஸ் இடித்த இடத்தைக் குறித்துக்கொண்டு, கைக்குத் தாராளமாக இடம் இருக்கட்டும் என்று, முன்தடுப்புத் தகட்டிலிருந்து இருக்கைப் பிடிமானம் வரை கிரைண்டரால் வெட்டி எடுத்துவிட்டேன். காரோ முன்னும் பின்னுமாக நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நின்றது.

அன்று மாலை மூத்த டிங்கர் வந்தார். டனலைப் பார்க்கவில்லை, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து மெதுவாக மூடினார். கதவின் மேல் பின்மூலை தூணில் உரசி நின்றது. "தம்பி, தரையை வெட்டினால் கதவுதான் முதலில் சொல்லும்" என்றார். சேஸிஸ் தனியாக இல்லாத உடலில், முறுக்கத்தையும் வளைவையும் தாங்குவதில் பக்கவாட்டு விட்டங்களோடு டனலுக்கும் பெரும் பங்கு உண்டு; கூரையும் இல்லாதபோது அந்தச் சுமை இன்னும் கூடுகிறது. நடுவில் ஜாக் கொடுத்து, மூலைக்கு மூலை அளந்து, கதவு வாயிலில் சதுரக் குழாயைக் குறுக்கே பற்றவைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு நாள் பிடித்தது. இப்போது அந்தக் குழாய்களைப் பற்றவைத்த பிறகே கட்டிங் வீலைக் கையில் எடுக்கிறேன்.

அதற்கும் முன்னால் முடிவாக வேண்டியது கியர்பாக்ஸ் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்பது. வெட்டுவதைத் தவிர்க்க அதன் வால்பகுதியைத் தாழ்த்திவிடும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் இரு முனைகளிலும் உள்ள மடங்கும் இணைப்பான யூனிவர்சல் ஜாயின்ட் சாய்வாகச் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும், வெளியே போகும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறி இறங்கும். கியர்பாக்ஸின் வெளித்தண்டும் பின்னச்சிலுள்ள டிஃபரன்ஷியலுக்குள் சுழற்சியை வாங்கும் பினியன் தண்டும் இணையாக இருந்து, இரு ஜாயின்டுகளின் கோணங்களும் சமமாக இருந்தால்தான் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுகட்டும். சாலைக் காரில் அந்தக் கோணம் ஏறத்தாழ 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது. இந்தக் கணக்கு தவறினால் வேகம் கூடும்போது இருக்கைக்கு அடியில் ஓர் அதிர்வு கிளம்பும். தகட்டு வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது போகாது. ஆகவே கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரை முதலில் செய்து, கியர்பாக்ஸை அதற்குரிய இடத்தில் நிறுத்திவிட்டு, டனல் அதற்கு வழிவிடட்டும் என்பதே என் முறை.

சில இடங்களில் வெட்டவே தேவையில்லை. கியர்பாக்ஸ் உடலில் ஒரேயொரு முனைப்பு மட்டும் இடித்தால், தகட்டைச் சூடாக்கிச் சுத்தியலால் உட்குழித்தாலே போதும். தரையில் ஒட்டியுள்ள தார்ப் பூச்சையும் கம்பளத்தையும் முன்பே முழுதாக அகற்றிவிட வேண்டும். நெருப்பு அங்கேதான் பற்றும். டனலுக்குள் ஓடும் பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், கைபிரேக் கேபிள் ஆகியவற்றையும் கழற்றி ஒதுக்கிய பின்பே வெப்பம் காட்டலாம்.

புதிய மேற்பகுதிக்கு அட்டையில் மாதிரி வெட்டிப் பார்த்துவிட்டு, 1.2 மில்லிமீட்டர் தகட்டை வளைக்கிறேன். ஒரே வீச்சில் பற்றவைத்தால் மெல்லிய தகடு அலையலையாக நெளிந்துவிடும் என்பதால், ஒரு டேக், அதாவது சிறு பொட்டுப் பற்றவைப்பு, இங்கே வைத்தால் அடுத்ததைத் தொலைவில் வைத்து, நடுவே ஆறவிட்டு, இடைவெளிகளைப் பொறுமையாக நிரப்ப வேண்டும். டேக்குகள் மட்டும் வைத்திருக்கும் நிலையிலேயே கியர்பாக்ஸின் மேல் களிமண் உருண்டைகளை ஒட்டி ஏற்றி, ஒருவர் இன்ஜினைக் கடப்பாரையால் இருபுறமும் நெம்ப, மறுபடி இறக்கிப் பார்ப்போம். இன்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் அசைவது என்பதால், நின்ற நிலையில் விரல் நுழைந்த இடம் ஓட்டத்தில் இடிக்கக்கூடும். நசுங்கிய களிமண்ணின் மிக மெல்லிய இடம் 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், டேக்குகளை அறுத்துத் தகட்டை மீண்டும் உயர்த்துகிறேன்.