சுயேச்சையாக நின்ற எங்கள் சங்கத்து அண்ணாச்சி

2016 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் பீடிச் சங்கச் செயலாளர் அண்ணாச்சி அம்பாசமுத்திரம் தொகுதியில் சுயேச்சையாக நின்றார். "சங்கக்காரருக்கு எதுக்கு எலெக்‌ஷன்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். "பின்னால ஜனாதிபதி ஆன வி.வி.கிரி ரயில்வே சங்கத்துக்காரர்தாம்வே. 1937-ல பொப்பிலி ராஜாவையே தோக்கடிச்சு சென்னை மாகாணத் தொழிலாளர் அமைச்சர் ஆகலையா?" எங்கள் தொகுதியில் ராஜா யாரும் நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

மனு வேலை என் தலையில் விழுந்தது. அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளரை முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர், அதுவும் அதே தொகுதி வாக்காளர்கள். பீடி சுற்றும் பெண்கள் இத்தனை பேர் இருக்க ஆளுக்கா பஞ்சம் என்றுதான் இறங்கினோம். பட்டியலைப் புரட்டினால், கட்டிக்கொடுத்து வந்த சிலருக்கு ஓட்டு இன்னும் பிறந்த ஊரில், ஆலங்குளம் தொகுதியில் கிடந்தது. அப்புறம் கைநாட்டு. அதை அதிகாரி முன்னால் வைத்தால்தான் செல்லும். வேட்பாளரோடு நாலு பேருக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். சரி, கையெழுத்துப் போடுபவர்களாகவே தேடினோம். ஒரு ஆச்சி மடியிலிருந்த பீடித்தட்டை இறக்கி வைத்து, தூள் ஒட்டிய விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, பி.எஃப். படிவத்துக்காகப் பழகிய கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே போட்டார்.

படிவம் 26, அதாவது பிரமாணப் பத்திரம், இன்னொரு பாடு. 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு எந்தக் கட்டத்தையும் காலியாக விட முடியாது. அண்ணாச்சியின் சொத்துப் பக்கம் முழுக்க 'இல்லை', 'இல்லை' என்று எழுதியே கை வலித்தது. வழக்குப் பக்கத்தில்தான் இழுபறி. எந்த வழக்கை எழுதுவது, எதை விடுவது என்று வக்கீல் யோசித்தார். அண்ணாச்சி விடவில்லை. "மறியலுக்குப் போனதை எதுக்குய்யா மறைக்கணும்?"

டெபாசிட் 10,000 ரூபாய். உறுப்பினர்கள் பத்தும் இருபதுமாகத் தந்தது. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு எட்டாததால் அது போயிற்று.

தோற்றவர்களும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். விட்டால் 3 ஆண்டு நிற்க முடியாமல் போகலாம். இதில் மட்டும் எங்களுக்குச் சிரமமே இல்லை. சந்தாவுக்கு ரசீது கிழித்தே பழகிய சங்கம், டீக்குக்கூட வவுச்சர் இருந்தது. அப்போதைய உச்சவரம்பு 28 லட்சம். எங்கள் கணக்கு ஆட்டோ வாடகை, மைக் செட், நோட்டீஸோடு முடிந்துவிட்டது.