ஆய்வகத்தில் இடம் பிரிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால்

முனைவர் பட்ட ஆய்வில் சேருகிறவர்கள் தலைப்பையும் நெறியாளரையும் உதவித்தொகையையும் தீர விசாரித்துவிட்டு வருகிறார்கள். எந்தச் சோதனை மேடையில் வேலை செய்வது, எந்த மேசையில் எழுதுவது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. எங்கள் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் மூன்று நிதித் திட்டங்கள் ஒன்றாக நடந்த காலத்தில், மூத்த ஆய்வாளர் என்ற முறையில் இடம் பிரிக்கும் வேலையை நெறியாளர் என்னிடம் ஒப்படைத்தார். அப்போது தெரிந்துகொண்டவற்றை, அதே பொறுப்பை ஏற்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எடுத்தவுடன் அளவு நாடாவைத் தேடாதீர்கள். திட்டத்துக்கு இத்தனை அடி மேடை என்று சமமாக வெட்டுவது நியாயமாகத் தோன்றும், வேலைக்கு உதவாது. ஒவ்வொரு திட்டத்தினரையும் உட்கார வைத்து, சோதனையின் படிகளை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். எந்தப் படிக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆகிறது, எது எதன் அருகில் இருக்கவே கூடாது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிப் பங்கீடு அந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

டிஎன்ஏ துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் வேலையை எடுத்துக்கொள்வோம். கலவை தயாரிக்கும் இடமும், பெருக்கிய டிஎன்ஏவை ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும் இடமும் தனித்தனியாக இருக்க வேண்டும்; பெருக்கிய டிஎன்ஏ துளியளவு புதுக் கலவையில் கலந்தாலும் முடிவு பொய்யாகிவிடும். எங்கள் ஆய்வகத்தில் இரண்டும் ஒரே மேடையில் நடந்தன. இரு திட்டங்களும் திரவத்தை அளந்து எடுக்க அதே பிப்பெட்டுகளை எடுத்தன. ஒருநாள் டிஎன்ஏ எதுவும் சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாயின் ஜெல் பாதையில், டிஎன்ஏ இருப்பதைக் காட்டும் பட்டை ஒன்று புற ஊதா விளக்கின் கீழ் பளிச்சென்று தெரிந்தது. கலவைக்குப் புதிய நீர், புதிய பிரைமர், புதிய என்சைம் என்று ஒவ்வொன்றாக மாற்றியும் அது போகவில்லை. கலவை தயாரிப்பதைப் பக்கத்துச் சிறிய அறைக்கு மாற்றி, அதற்கென்று தனி பிப்பெட்டுகளும் தனி மேலங்கியும் வைத்த பிறகுதான் அந்தப் பாதை வெறுமையானது. அந்த அறையில் அதுவரை பழைய தேர்வுத் தாள்கள் அடுக்கப்பட்டிருந்தன. ‘இடமே இல்லை’ என்று சொல்லப்படும் துறைகளில் இப்படிப்பட்ட அறை ஒன்றாவது இருக்கும். ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் கேளுங்கள். எந்தப் பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று துறைத்தலைவரை விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

சில இடங்களைச் சதுர அடியால் பிரிக்க முடியாது, நேரத்தால்தான் பிரிக்க வேண்டும். நச்சுப் புகையை வெளியேற்றும் ஃப்யூம் ஹூட், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் ஆகியவற்றுக்கு ஒரு முன்பதிவுப் பதிவேடு போதும். செல் வளர்ப்புக்கான, கிருமியற்ற காற்று ஓடும் கேபினெட்டை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாக்டீரியா, பூஞ்சை வேலைகளுக்கு அதை ‘வேறு நேரத்தில்’ கொடுத்தாலும் மாசு வந்து சேரும்.

மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர் எடுக்கும் தரையளவு சிறிது. ஆனால் உள்ளே உறிஞ்சிய வெப்பத்தையெல்லாம் அறைக்குள்தான் தள்ளும். நம் ஊர் மே மாதத்தில் இரண்டு ஃப்ரீசர்களை ஒரே சிறிய அறையில் வைத்துவிட்டு, ஏசி ஏன் திணறுகிறது என்று கேட்டுப் பயனில்லை. காற்றோட்டமுள்ள அறை, தனி மின் இணைப்பு, சுவரிலிருந்து இடைவெளி மூன்றும் உறுதியான பிறகே அதற்கு இடம் ஒதுக்குங்கள்.

எழுதும் மேசை விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அது ஆய்வகத்துக்கு வெளியே இருக்க வேண்டும். ஜெல் மேடைக்கு அருகில் மடிக்கணினியும் சாப்பாட்டு டப்பாவும் இருப்பது ஆபத்து. நிலையான மேசை ஆய்வேடு எழுதும் இறுதி ஆண்டுக்காரருக்கு முதலில் போகட்டும். பாதி மாதம் களப்பணிக்குப் போகிறவர்கள் ஒரு மேசையைப் பகிர்ந்துகொள்ளலாம்; ஆனால் ஒவ்வொருவருக்கும் பூட்டக்கூடிய இழுப்பறை ஒன்று கட்டாயம் வேண்டும். நேற்றுச் சேர்ந்த திட்டப் பணியாளருக்கும் அது உரியது. குறுகிய கால ஒப்பந்தத்தில் வருகிற அவர்களைத்தான் எல்லா இடத்திலும் வாசலோர நாற்காலிக்குத் தள்ளுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவே இல்லை.

துறையிடம் கூடுதல் இடம் கேட்கும்போது வாய்மொழியாகக் கேட்காதீர்கள். நிதி கேட்டு விண்ணப்பித்தபோது, அடிப்படை வசதிகளைச் செய்து தருவதாக நிறுவனத் தலைவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் பெரும்பாலும் கோப்பில் இருக்கும். அதன் நகலை இணைத்து, என்ன வேலைக்கு, எந்தத் தேதி வரை என்று எழுதிக் கொடுங்கள். முடிவுத் தேதி போட்ட கோரிக்கைக்குத் துறைத்தலைவர்கள் எளிதில் இசைவார்கள்.

‘எங்கள் திட்டப் பணத்தில் வாங்கிய கருவி, எங்கள் இடம்’ என்ற பேச்சும் வரும். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி, மத்திய அரசின் மானியத்தில் வாங்கிய சொத்தை முன் அனுமதியின்றி விற்கவோ கழிக்கவோ முடியாது. மற்றவர் தொடவே கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை. இருப்புப் பதிவேட்டில் எந்தத் திட்டத்துக்கு உரியது என்பதைத் தெளிவாகக் குறித்துவிட்டு, கருவியை எல்லோரும் எட்டும் இடத்தில் வையுங்கள்.

திட்டம் முடிந்தும் ஃப்ரீசரில் பெயரில்லாத பெட்டிகள் கிடப்பது எல்லா ஆய்வகத்திலும் உள்ள தலைவலி. வேலை முடித்துப் போகிறவர் வாங்கும் நிலுவையின்மைச் சான்றில், மேடையையும் ஃப்ரீசர் தட்டையும் காலி செய்து ஒப்படைத்ததற்கு ஒரு கையெழுத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். எங்கள் துறையில் அதைச் சேர்த்த பிறகு பெட்டிகளைப் பற்றிய சண்டை ஓய்ந்தது.

புதிய திட்டத்துக்குப் பெரிய கருவி வாங்கும் எண்ணம் இருந்தால், விலைப்புள்ளி கேட்பதற்கு முன் பல்கலைக்கழகத்தின் மையக் கருவிக் கூடத்தையும், 2020இல் தொடங்கிய ஐ-ஸ்டெம் இணையதளத்தையும் பாருங்கள். நாட்டின் பல ஆய்வு நிறுவனங்களில் உள்ள கருவிகளை அங்கே தேடி முன்பதிவு செய்யலாம். அருகிலேயே கிடைத்துவிட்டால், அதற்காக நீங்கள் ஒதுக்கிவைத்த மூலையில் இன்னொருவர் மேடை போட்டுக்கொள்ளலாம்.