மாமாவைத் தேடியபோது வந்த கதைகள்

மாமா காணாமல் போன செய்தியைப் பேஸ்புக்கில் போட்ட அன்று பின்னேரமே, அவர் ஏன் வீட்டை விட்டுப் போனார் என்பதற்கு ஊரில் காரணங்கள் தயாராக இருந்தன. காங்கேசன்துறைப் பக்கம் இராணுவத்திடமிருந்து விடுபட்ட காணியை யாருடைய பெயரில் எழுதுவது என்று வீட்டில் சண்டையாம். மகள் ஒழுங்காகச் சாப்பாடு கொடுப்பதில்லையாம். கனடாவில் இருக்கிற மகன் அனுப்பிய காசுக்காக யாரோ கடத்திவிட்டார்களாம். அந்த மகள் என் மனைவி. கனடா மகன் என் மச்சான்; அவன் காசு அனுப்பி நாலைந்து மாதம் ஆகியிருந்தது.

உண்மையில் நடந்தது மிகச் சாதாரணம். மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மறதி நோய் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, கிளினிக்குக்குப் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு வேலைநாள் காலையில் தன்னுடைய பழைய லுமாலா சைக்கிளை எடுத்துக்கொண்டு கோண்டாவில் வீட்டிலிருந்து வெளிக்கிட்டவர், மத்தியானம் ஆகியும் திரும்பவில்லை. மாமி குசினித் தட்டைப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டுப் பெட்டியைக் காணேல்லை. பக்டரிக்குத்தான் வெளிக்கிட்டிருக்கிறார்" என்றார். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் யுத்தத்தோடு மூடப்பட்டது. அதுவரை மாமா அங்கேதான் வேலை. வீடும் அந்தப் பக்கம்தான். அந்த வருடம் வலிகாமம் வடக்கு முழுதும் இடம்பெயர்ந்தபோது வெளியேறியவர்களில் அவர்களும் ஒரு குடும்பம்.

முதலில் பொலிஸ் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ஆள் காணாமல் போனால் 24 மணித்தியாலம் கழித்துத்தான் முறைப்பாடு எடுப்பார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார். அப்படி ஒன்றும் இல்லை. போன உடனேயே எழுதினார்கள். அடையாள அட்டை இலக்கம், அண்மையில் எடுத்த படம், கடைசியாக உடுத்திருந்த உடுப்பு, உடம்பில் உள்ள தழும்பு, என்னென்ன மருந்து குடிக்கிறார், வீட்டில் ஏதும் சண்டையா என்றெல்லாம் கேட்டார்கள். கடைசிக் கேள்வியில் என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்கள் எல்லாரிடமும் கேட்பதுதான். எழுதி முடிந்ததும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் முறைப்பாட்டில் சந்தனக் கலர் சேட் நீலமாகியிருந்தது. கையெழுத்து வைக்கமுன் திருத்தினோம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கையோடு குறித்துக்கொள்வதும் நல்லது. பிறகு ஆஸ்பத்திரியில், விதானையாரிடம், எங்கே போனாலும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

அன்று பின்னேரமே காங்கேசன்துறை வீதியால் தொழிற்சாலை வாசல்வரை போய்ப் பார்த்தோம். ஆள் இல்லை. திரும்பி வரும்போது இணுவிலில் ஒரு கடைக்காரர் தன் கமெராவைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டினார். மாமா வடக்குப் பக்கமாக நிதானமாகச் சைக்கிள் ஓடிப்போகிறார். திரையில் நேரம் பத்தேகால் என்றிருந்தது. "அது இருபது நிமிசம் முன்னுக்கு ஓடுது அண்ணை, கரண்ட் போய்வந்தாப் பிறகு நான் திருத்தேல்லை" என்றார் கடைக்காரர். இப்படிச் சொன்ன மனிதரைக் கும்பிடலாம். அந்த வாரம் முழுதும் எங்களிடம் வந்த தகவல்களில், தன் தகவலின் குறை இதுதான் என்று தானாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

படத்தில் ஒரு சிக்கல் வந்தது. சொந்தக்காரப் பெடியன் ஒருவன் அவசரத்தில் எங்கள் கலியாண அல்பத்திலிருந்து மாமாவின் படத்தை வெட்டிப் போட்டுவிட்டான். அதில் அவருக்குத் தலைக்கு மை பூசியிருந்தது, கன்னமும் கொழுகொழுவென்று. இப்போது தலை முழுக்க நரை, ஆளும் மெலிந்துவிட்டார். இரண்டு மணித்தியாலத்தில் புதுப் படம் போட்டோம். ஆனால் பழையதுதான் வைபரிலும் வாட்ஸ்அப்பிலும் ரொறன்ரோ, பாரிஸ், இலண்டன் எல்லாம் சுற்றிவந்தது. அதைக் கூப்பிட்டு நிறுத்த முடியாது.

பிறகு போன் அடிக்கத் தொடங்கியது. நெல்லியடியில் நிற்கிறார், சாவகச்சேரிச் சந்தையில் தேத்தண்ணி குடிக்கிறார், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் படுத்திருக்கிறார். ஒருவர், "ஆயிரம் ரூபாய்க்கு ரீலோட் போடுங்கோ, இடத்தைச் சொல்லுறன்" என்றார். மாமியின் தங்கை மை போட்டுப் பார்க்கிறவரிடம் போய், வடக்கே தண்ணீர் உள்ள இடம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வடக்கே போனால் கடல்தான். இதற்கு மை தேவையில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியம்மா இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்ட 1996 இல் மகனைப் பறிகொடுத்தவர். மாமாவின் கதையும் அவருடைய கதையும் ஒன்றல்ல என்று எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பேஸ்புக்கில் யாரோ எங்களைக் காணாமல் போனோர் அலுவலகத்துக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். 2016 இன் சட்டத்தால் வந்த அந்த அலுவலகம் யுத்தத்தோடும் அரசியல் குழப்பங்களோடும் காணாமல் போனவர்களுக்கும், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்குமானது. கிளினிக் போகும் கிழவர் சைக்கிளில் வழிதவறினால் அங்கே வேலை இல்லை. பெரியம்மா அங்கேயும் போனவர். காணாமல் போனோரைப் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழுவிடமும் சொன்னவர். 2025 ஓகஸ்ட் 5 ஆம் திகதி செம்மணி சித்துப்பாத்தி மனிதப் புதைகுழியில் தோண்டியெடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் நீதிமன்ற உத்தரவின்படி சனங்களுக்குக் காட்டியபோது அங்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்.

அவர் வந்து ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. ஒரு கொப்பி கேட்டார். கோடு போட்டு, நேரம், பெயர், நம்பர், எந்த இடம், தானே கண்டதா ஆர் சொன்னதா என்று தலைப்பு எழுதச் சொன்னார். "ஆர் சொன்னது எண்டு கேட்டா, பாதிப்பேர் போனை வைச்சிடுவினம் தம்பி. இன்னொண்டு, ஒரு அடையாளத்தை மட்டும் வெளியில விடாதையுங்கோ. என்ர பிள்ளையின்ர படத்தைப் பேப்பரில பார்த்திட்டு, அதில இருந்ததையே எனக்குத் திருப்பிச் சொல்லிக் காசு வாங்கினவங்கள்." காம்பில் கண்டோம், சிறையில் கண்டோம் என்று தாய்மாரிடம் காசு கறந்த கதை எங்கள் ஊர்களில் எவ்வளவோ. நாங்கள் சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. அது சைக்கிள் கரியரில், துவாயால் சுற்றி, ரியூப் துண்டால் கட்டியபடி இருக்கும் என்று மாமி சொல்லியிருந்தார். வேலைக்குப் போன காலத்தில் அப்படித்தானாம்.

கொப்பி பக்கம் பக்கமாக நிறைந்தது. தானே கண்டது என்ற தலைப்பின் கீழ் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

இதற்கிடையில் வவுனியா பஸ் நிலையத்தில் எடுத்ததாக ஒரு வீடியோ வந்தது. முதுகு மட்டும் தெரிகிறது. வேட்டி, நரைத்த தலை. ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்திருந்தார்கள். கமெராவில் வடக்கே போனவர் தெற்கே இருக்கிற வவுனியாவில் எப்படி என்று கேட்டால், "சைக்கிளை வித்திட்டுப் பஸ் ஏறியிருப்பார்" என்றார்கள், கண்டவர்கள் மாதிரி. என் தம்பி மோட்டார் சைக்கிளில் வவுனியா போனான். அந்த ஐயா செட்டிகுளத்துக்காரர், பென்சன் விசயமாக வந்தவர். அவருக்கும் அன்று பெரிய கரைச்சல். பொடியள் சுற்றிநின்று உங்கள் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

மறுபக்கம் யூரியூப்காரர் ஒருவர் மைக்கோடு படலையில் நின்றார். மாமியிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்கட மருமகன் எப்படி?" நான் படலையைச் சாத்தினேன். அன்றிரவு வந்த வீடியோவின் தலைப்பு, மர்மம் நீடிக்கிறது, கதவை அடைத்த குடும்பம்.

இதையெல்லாம் பொறுத்தேன். பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது. எங்கோ கிணற்றில் ஒரு சடலம் என்று செய்தி வர, அதை யாரோ மாமாவின் படத்தோடு சேர்த்துவிட்டார்கள். சிறிது நேரத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்று பூமாலை, குத்துவிளக்கு எல்லாம் வைத்து வடிவாகச் செய்த ஒரு பதாகை மாமியின் போனுக்கே வந்தது. தோற்றம், மறைவு என்று இரண்டு திகதியும் போட்டு. பிறந்த திகதி சரியாக இருந்தது. அதாவது செய்தவர் குடும்பத்தைத் தெரிந்தவர். மாமி அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் படத்தில நல்லா இருக்கிறார்" என்றார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. போதனா வைத்தியசாலைப் பிரேத அறைக்கு நானும் தம்பியும் போனோம். அங்கு நின்றவர் எங்களை உட்காரவைத்து, வயதையும் உயரத்தையும் கேட்டுவிட்டு, "இது உங்கட ஆள் இல்லை, இவருக்கு நாப்பதும் வராது. பார்க்கவேண்டாம், போங்கோ" என்றார்.

சட்டம் படித்த நண்பர் ஒருவர் இணையத்தில் பொய் பரப்புவதற்கு எதிரான 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ் முறையிடலாமே என்றார். ஆளைத் தேடுவதா, அஞ்சலி போட்டவனைத் தேடுவதா? அதை அப்படியே விட்டோம்.

கடைசியில் காங்கேசன்துறைக்குப் பக்கத்துக் கடற்கரையான கீரிமலையிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தார். மடத்துப் பக்கம் சின்னக் கடை வைத்திருப்பவர். செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக்கும் ஆடி அமாவாசைக்கும் சனம் வந்துபோகிற இடம். வேட்டியோடு ஒரு வயதானவர் தனியே இருந்து கடலைப் பார்த்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். யாரோ செத்த வீட்டுக்காரர் என்றுதான் அந்தப் பெண்ணும் நினைத்துச் சோறு கொடுத்திருக்கிறார். எங்கள் அறிவித்தலைக் கண்டிருக்கிறார், ஆனால் அது கறுத்த மயிர்ப் படம். அவருடைய மகன் புதுப் படத்தைக் காட்டிய பிறகுதான் சந்தேகம் வந்திருக்கிறது.

சைக்கிள் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு, பின் ரயர் காத்துப் போய்க்கிடக்கு. கரியரில ஒரு பெட்டி, துவாய் சுத்தி. நான் சாப்பாடாக்கும் எண்டு திறந்து பார்த்தனான் தம்பி, வெறும் பெட்டி."

மாவிட்டபுரத்தால் திரும்பிக் கீரிமலை போய்ச் சேரும்வரை என் மனைவி கதைக்கவே இல்லை. மாமா எங்களைக் கண்டதும், "ரயர் ஒட்டவேணும்" என்றார். காலில் வீக்கம், வாய் காய்ந்திருந்தது. வேறு பிரச்சினை இல்லை. நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடையில் எங்கே படுத்தார், எந்தக் கோயிலில் சாப்பிட்டார் என்பது அவருக்கும் தெரியாது. பங்சரான சைக்கிளை உருட்டிக்கொண்டே போயிருக்கவேண்டும். முதல் நாள் நாங்கள் தொழிற்சாலை வாசலில் நின்றபோது அவர் இன்னும் வழியில் எங்கோதான்.

ஆள் கிடைத்த பிறகும் வேலை முடியாது. மாமாவையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போய் முறைப்பாட்டை முடிக்கவேண்டும். போட்ட அறிவித்தலை அழித்துவிடாமல், அதிலேயே பெரிய எழுத்தில் 'கிடைத்துவிட்டார்' என்று எழுதிவையுங்கள். அழித்தால் மற்றவர்கள் பகிர்ந்த பழைய பிரதிதான் மிஞ்சும். யூரியூப்காரருக்கு எழுதினேன், தலைப்பை மாற்றவில்லை. கொப்பியில் இருந்த நம்பர்களில் உண்மையாகவே உதவ நினைத்தவர்களுக்கு என் மனைவி ஒவ்வொருவராகக் கோல் எடுத்துச் சொன்னாள். இணுவில் கடைக்காரர் சந்தோசத்தில் மணிக்கூட்டைத் திருத்திவிட்டதாகச் சொன்னார். பெரியம்மாவுக்கு நேரில் போய்ச் சொன்னோம். கொப்பியை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, எழுதாத பக்கங்களைத் தனக்குத் தரமுடியுமா என்று கேட்டார்.

மாமாவின் சட்டைப் பைகளில் இப்போது பெயரும் என் நம்பரும் தைத்திருக்கிறது. சைக்கிள் பூட்டுத் திறப்பு மாமியிடம்.

போன கிழமை, காணிச் சண்டை என்று முதலில் கதை கிளப்பினவர் மலிபன் பிஸ்கட் பெட்டியோடு மாமாவைப் பார்க்க வந்தார். தேத்தண்ணி குடித்து, கரண்ட் பில், மழை எல்லாம் கதைத்து முடிந்து, படலைவரை நான் கூடப்போனபோது குரலைத் தாழ்த்தி, "தம்பி, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். உண்மையில என்ன நடந்தது?" என்று கேட்டார்.

பொலிசில் எழுதிக்கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொன்னேன். "சரி சரி, விளங்குது" என்று சிரித்துவிட்டுப் போனார்.