துண்டில் வலது, கட்டி இடது

11 வருடமாகத் தாதியாக இருக்கிறேன். மார்பக சுயபரிசோதனையைப் படம் காட்டி எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மாதாமாதம் நான் செய்தேனா என்றால், இல்லை. டியூட்டி முடிந்து திருகோணமலையிலிருந்து மூதூர் பஸ் பிடித்தால் அப்புறம் சமையல், பிள்ளைகள், தூக்கம். 35 வயதில் வெல் வுமன் கிளினிக்குக்கு, அதாவது பெண்களுக்கு நோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கும் கிளினிக்குக்கு, போயிருக்க வேண்டும். அதற்கும் போகவில்லை.

போன வருடம் ஒரு பயிற்சி வகுப்பில் சிலிக்கன் மார்பு மாதிரியைத் தந்து, உள்ளே இருக்கும் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். 5 இல் 2 தான் என் கைக்குப் பட்டது. விரல் நுனியால் குத்திப் பார்த்ததுதான் பிழை. நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் சிறு வட்டமாக, முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் அழுத்தி, கடைசியில் விலா எலும்பு தட்டுப்படும்வரை அழுத்த வேண்டும். காறை எலும்பிலிருந்து மார்பின் கீழ்மடிப்புவரை விரலை எடுக்காமல் போக வேண்டும். அக்குளையும் விடக்கூடாது. பரீட்சையில் எழுதிய விஷயம்தான், ஆனால் விரல் பழகியிருக்கவில்லை.

அடுத்த மாதவிடாய் தொடங்கி எட்டாம் நாள், குளிக்கும்போது செய்தேன். இடது மார்பின் மேல் வெளிப்பக்கம், மணிக்கூட்டில் இரண்டு மணி இருக்கும் இடத்தில், கச்சான் பருப்பளவில் ஒன்று விரலுக்கடியில் வழுக்கிப் போனது. சவர்க்காரக் கையோடு அப்படியே நின்றேன்.

பிறகு 2 கிழமை யாரிடமும் சொல்லவில்லை. கிளினிக்கில் இருப்பவர்கள் எல்லாரும் தெரிந்த முகம், கதை பரவுமே என்ற வெட்கம். தாதிகளே, தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல என்று நோயாளிக்குச் சொல்லும் நமக்கே அந்த 2 கிழமையும் தூக்கம் வராது.

கிளினிக்கில் டொக்டர் பார்த்து, என் வயதுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் போதும் என்று, அதற்கான துண்டை எழுதித் தந்தார். வெளியே ஓரிடத்தில் நாள் எடுத்தேன். லீவு போட்டு, காலையிலேயே பஸ் ஏறி, கிண்ணியாப் பாலம் கடந்து போய் 2 மணித்தியாலம் காத்திருந்தேன். மேசையில் இருந்தவர் துண்டைப் பார்த்துவிட்டு, "வலது மார்பு என்றுதானே எழுதியிருக்கு?" என்றார். இடது என்று நான் சொல்லியும், "மிஸ், துண்டில் உள்ளதைத்தான் நாங்கள் செய்யலாம்" என்று கையை விரித்துவிட்டார். டொக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன், அதற்கும் மறுப்பு. அடுத்த கிளினிக் நாள் வர ஒரு கிழமை. பஸ்ஸில் அழுதுகொண்டுதான் வந்தேன். அவர்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் அந்தத் துண்டு 4 நாள் என் பையில் கிடந்தது. ஊசி போடுமுன் 3 தடவை பெயர் பார்க்கும் நான் அதை ஒரு தடவைகூட வாசிக்கவில்லை.

திருத்திய துண்டோடு ஸ்கான், பிறகு ஊசியால் மாதிரி எடுத்தது, எல்லாம் சீக்கிரம் முடிந்தது. முடிவு ஃபைப்ரோஅடினோமா, புற்றுநோய் இல்லை. ரிப்போர்ட்டை வாசலிலேயே நின்று வாசித்தேன்.

சக தாதி ஒருவர், "சுயபரிசோதனை மட்டும் இறப்பைக் குறைக்காது என்று ஷாங்காய் ஆய்வு சொன்னதே" என்றார். உண்மைதான், சீனாவின் ஷாங்காய் நகரப் பெண்களிடம் செய்த ஆய்வில் 2002 இல் வந்த முடிவு அது. அதனால்தான் கிளினிக் பரிசோதனையையும் விடக்கூடாது என்கிறேன். ஆனால் என் கட்டியை முதலில் கண்டது என் விரல்.

6 மாதத்தில் மறுபடி ஸ்கான். புதுத் துண்டை வாங்கியதும் மேசையை விட்டு நகராமல் வாசித்தேன். இடது மார்பு, இரண்டு மணி. சரியாக இருந்தது.